ரெட் கார்டு அக்காவின் மூன்று மாதம்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் சலவைப் பிரிவில் அவளுக்குப் பெயர் ரெட் கார்டு அக்கா. கால்பந்து ஆட்டத்தில் நடுவர் நின்று யோசித்து எடுக்கும் சிவப்பு அட்டையை அவள் பார்த்த மாத்திரத்தில் காட்டிவிடுவாள். ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடிய கோல்கீப்பரை, "இது வேலைக்கு ஆகாது" என்று ஒரே ஆட்டத்தில் கழித்துக் கட்டியவள். விரிப்பு மாற்றப் போன வார்டுகளில் நோயாளிகளின் டிவியை எட்டி எட்டிப் பார்த்துப் பிடித்த பைத்தியம் இது. பத்தொன்பது வருடம் துணி துவைத்தபின், மூன்று மாதத்துக்கு முன்புதான் பிரிவின் பொறுப்பாளர் ஆனாள். பொறுப்பு வந்தால் வாய் குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்து போனார்கள்.

திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில், துணி வண்டியின் கம்பியில் போனைச் செருகி வைத்து அலசல் நிகழ்ச்சி பார்ப்பார்கள். கோட்டு போட்ட மூன்று பேர் உட்கார்ந்து முந்தின நாள் ஆட்டத்தைப் பிய்த்து மேய்வார்கள். கோட்டுக்காரர்கள் சொல்வது சரி என்பவர்கள் வெள்ளை விரிப்பு மூட்டை மேல் உட்கார வேண்டும். தப்பு என்பவர்கள் இஸ்திரி மேசைப் பக்கம். ஊர் டீம் ஒன்பது ஆட்டம் தோற்றும் மேசைப் பக்கம்தான் கூட்டம். மூட்டை மேல் அக்கா ஒருத்திதான் மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

"மேனேஜரைத் தூக்கினாத்தான் டீம் உருப்படும்னு கோட்டுக்காரரு சொல்றாரு. இதுல என்ன தப்பு?" என்பாள்.

"அவருக்கென்ன அக்கா, ஏசி ரூம்ல உட்கார்ந்து வாயாலயே பந்து உதைக்கிறாரு," என்று இஸ்திரிக்காரர் எகிறுவார். அவர் மேனேஜரின் பரம பக்தர். "மூணு பேருக்குக் கால்ல அடி. அந்த மனுஷன் யாரை வச்சு ஆடுவாரு?"

"தோத்தவங்களுக்குத்தான் காரணம் வேணும். போன வாரம் உங்க மேனேஜர் என்ன சொன்னாரு? புல் ஈரமா இருந்துச்சாம்! எதிர் டீம் என்ன மொட்டை மாடியிலயா ஆடுச்சு?"

இதற்கு எல்லோரும் சிரித்துவிடுவார்கள், இஸ்திரிக்காரர் உட்பட.

இதற்கிடையில் அக்காவின் சொந்த ஆட்டமும் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. வார்டுகளிலிருந்து துணி திரும்பி வர ஆரம்பித்தது. துண்டு விறைப்பாக இருக்கிறது, விரிப்பு பழுப்படிக்கிறது என்று சீட்டு எழுதி அனுப்பினார்கள். முதலில் வாரத்துக்கு ஒரு வண்டி, பிறகு தினம் ஒரு வண்டி.

காரணம் அவளுக்கு முதல் வாரமே தெரியும். சோப்புத் தூள் எவ்வளவு போட்டாலும் நுரை எழவில்லை. வடிகால் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. கொதிகலனுக்குப் பின்னால் தண்ணீரின் உப்பை எடுக்கும் தொட்டி ஒன்று உண்டு, அது படுத்துவிட்டது. போய்ச் சொல்ல வேண்டியதுதானே? சொல்ல வாயெடுத்தால், 'தண்ணி சரியில்லைங்க' என்ற வார்த்தை அவள் காதுக்கே மேனேஜரின் ஈரப் புல் மாதிரி கேட்டது. கிண்டல் அடித்த வாயால் அதைச் சொல்வதா? வீம்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, திரும்பி வந்ததையெல்லாம் மறுபடி துவைத்தாள்.

"உன் கை என்ன இப்படி வெடிச்சிருக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. எதையும் கிட்டே பிடித்துப் பார்ப்பது அவர் பழக்கம்.

"வயசாச்சு," என்று கையை இழுத்துக்கொண்டாள்.

பிறகு வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். அரை நாள் சுற்றினார், இரண்டு டீ குடித்தார், போனார். இயந்திரங்கள் நன்று, ஊழியர்கள் நன்று, வழிநடத்தல்தான் போதவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பொறுப்பாளரை மாற்றலாம், அக்கா பழையபடி அழுக்குத் துணி பிரிக்கப் போகலாம். புதன்கிழமை ஆஸ்பத்திரி நிர்வாகியே நேரில் வந்து முடிவு சொல்வார் என்று தகவல் வந்தது. அன்று இரவு அக்கா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அந்த இருக்கைக்கு வர அவளுக்குப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது.

புதன்கிழமை எல்லோரையும் நிற்க வைத்து நிர்வாகி கேட்டார். "உங்க பக்கம் ஏதாவது சொல்றதுக்கு இருக்காம்மா?"

"ரிசல்ட் மோசம் சார். நான்தான் பொறுப்பு."

இஸ்திரிக்காரருக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, உங்களுக்கும் எனக்கும் ஆயிரம் சண்டை இருக்கட்டும். தினம் அந்த வடிகால்கிட்ட குனிஞ்சு என்னத்தப் பார்க்கறீங்க? சும்மா பார்க்கற ஆளா நீங்க? வாயைத் திறந்து சொல்லுங்க."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. தரையைப் பார்த்தாள். கடைசியில் விழுங்கி விழுங்கிச் சொன்னாள்.

"தண்ணி... தண்ணி சரியில்லைங்க சார்."

அப்புறம் துணி வண்டி ஓட்டும் டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு ஒவ்வொருவராகச் சிரிக்க ஆரம்பித்து, கூடமே அதிர்ந்தது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றார் நிர்வாகி. அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மானம் போனது போனதுதான் என்று ஆனபின் அக்காவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்தாள். ஒன்றில் துணி துவைக்கிற குழாய்த் தண்ணீர், மற்றதில் குடிக்கிற தண்ணீர். இரண்டிலும் ஒரு சிட்டிகை சோப்புத் தூள் போட்டு, கையால் மூடிக் குலுக்கினாள். குடிக்கிற தண்ணீரில் நுரை பொங்கி வழிந்தது. குழாய்த் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. நிர்வாகி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "பத்து நாள் பொறுங்க, சோதிக்கச் சொல்றேன்," என்றார்.

பத்தாவது நாள் முடிவு வந்தது. தொட்டி செத்துப் பத்து வாரம் ஆகியிருந்தது. அதைக் கவனிப்பது யார் வேலை என்று யாருக்குமே தெரியவில்லை. அக்கா பொறுப்பாளராகவே தொடரலாம் என்று ஒரு வரிக் கடிதமும் வந்தது. அதை அவள் நான்கு தடவை படித்தாள்.

அன்று மதியமே டிரைவர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "அக்கா, இன்னிக்கு உங்களுக்கு ரெண்டு ஜெயம்! மேனேஜரைத் தூக்கிட்டாங்க. கோட்டுக்காரங்க சொன்னதுதான் நடந்துச்சு!"

எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா மூட்டை மேல் உட்கார்ந்தாள். திடீரென்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒருத்தராவது அந்த மனுஷனை உட்கார வச்சு, என்னப்பா ஆச்சுன்னு கேட்டிருக்கலாமே," என்றாள்.

"கேட்டாங்களே அக்கா," என்றார் இஸ்திரிக்காரர், மெதுவாக. "அவரும் சொன்னாரு. நாமதான் சிரிச்சிட்டோம்."