தாண்டிய எட்டுப் பக்கங்கள்

மலேசியாவின் ஜொகூரில் காலை ஏழு மணி ஆனாலும் சூரியனுக்கு எழுந்திருக்க மனம் வராது. மாசாயில் தொழிற்சாலைப் பேருந்துக்காக நான் நிற்கும்போது தெருவிளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கும். ஏழு மணிக்குச் சுள்ளென்று வெயில் அடிக்கும் ஊரில் வளர்ந்தவனுக்கு, மூன்று வருடமாகியும் கடிகாரம் பொய் சொல்வதாகவே படுகிறது. ஏழரைக்குப் பேருந்து கிளம்பும். அப்போது அறந்தாங்கியில் மணி ஐந்து. என் மனைவி செண்பகம் முகம் கழுவிவிட்டு ஆங்கில இலக்கணப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். நான் இடது காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொள்வேன். பாசிர் கூடாங் போய்ச் சேரும் அந்த அரை மணி நேரம்தான் எங்கள் வகுப்பு. உண்மையைச் சொன்னால், எங்கள் குடித்தனமும் அதுதான்.

ஊரில் நான் தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியன். வருமானம் வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருந்தது. இங்கே ஏற்றுமதிப் பத்திரங்கள் எழுதும் குமாஸ்தா. கிளம்புவதற்கு முன்னால் ஒரே இலக்கணக் கையேட்டில் இரண்டு பிரதிகள் வாங்கினேன், பக்க எண் ஒத்துப்போகட்டும் என்று. அவள் அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வில் தேறவேண்டும். கல்யாணமான புதிதில் யாருக்கோ ஆங்கிலத்தில் எழுதிய விடுப்புக் கடிதத்தை என்னிடம் திருத்தக் கொடுத்தாள். நான் சிவப்பு மையால் கிழித்துத் தள்ளியதும், "ஒருநாள் நான் உங்களத் திருத்துறேன் பாருங்க" என்றாள். அன்றைக்குச் சேர்ந்து சிரித்தோம்.

அடுத்த ஒப்பந்தத்தில் குடும்பத்தை அழைத்துவரலாம் என்று அலுவலகத்தில் சொன்ன நாளிலிருந்து என் மனம் கட்சி மாறிவிட்டது. உலு திராமில் ஒரு வரிசை வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். சமையலறை ஜன்னலுக்கு எந்த நிறத் திரை என்பதுவரை யோசித்தாயிற்று. அவள் தேறினால் வேலை கிடைக்கும். வேலை கிடைத்தால் இங்கே வரமாட்டாள். அழைத்துவரலாம் என்பதைச் சொன்னேன்; இந்தக் கணக்கை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பேருந்தில் என் பக்கத்து இருக்கை மேரி அக்காவுடையது. உற்பத்திப் பிரிவில் இருபது வருடமாக வேலை பார்க்கிறவர். ரப்பர் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த குடும்பம். முதல் நாள் என்னைப் பார்த்ததும், "பசியாறிட்டீங்களா தம்பி?" என்றார். பஞ்சத்தில் அடிபட்டவன் மாதிரி தெரிகிறேனோ என்று ரோஷம் வந்து, "எனக்குப் பசியே எடுக்காதுக்கா" என்று விறைப்பாகச் சொன்னேன். காலையில் சாப்பிட்டாயா என்பதைத்தான் இங்கே அப்படிக் கேட்பார்கள் என்று தெரிந்தபோது, பேருந்து முழுவதும் என்னைப் பசியெடுக்காத தம்பி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. நான் பாடம் நடத்துவதைக் கேட்டுக் கேட்டு, மேரி அக்காவும் பழைய கணக்குத் தாள்களின் பின்பக்கத்தில் குறிப்பெடுத்துவந்தார். தன் ஷிப்ட் அறிக்கையைத் தானே ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்பது அவர் ஆசை.

தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. அறுபத்திரண்டாம் பக்கம் வந்தது: இரண்டு மூன்று சொல் சேர்ந்து ஒரே முன்னிடைச்சொல்லாக, அதாவது ப்ரெபொசிஷனாக, நிற்கும் தொடர்கள், அதை ஒட்டி எச்ச வினைகள். செண்பகம் வழக்கமாகச் சறுக்கும் இடம். நாளைக்கு இதுதான் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். காலையில் வாயில் வேறு மாதிரி வந்தது. "இந்த எட்டுப் பக்கம் தேர்வுக்கு வராது. தாண்டிடலாம்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அந்த எட்டுப் பக்கம் இல்லாமல் எந்த வினாத்தாளும் வந்ததில்லை. போனில் அவள் பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்க" என்றாள்.

மறுநாள் பேருந்தில் ஏறியதுமே மேரி அக்கா தாளை நீட்டினார். தலைப்பு மட்டும் எழுதி, கீழே காலியாக விட்டிருந்தார்.

"அலமாக், இத மறந்துட்டீங்களா தம்பி? நேத்து நேரா எழுபதுக்குப் போயிட்டீங்க." அலமாக் என்பது இந்த ஊர் ஐயையோ.

"அது ரொம்பக் கஷ்டம்க்கா. வேணாம்."

"கஷ்டம்னாதானே வாத்தியார் வேணும்? லேசா இருந்தா நானே படிச்சுக்குவேன்லா."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று. பத்து வருடம் சாக்பீஸ் பிடித்த கை செய்கிற காரியமா இது? போனில் செண்பகம் காத்திருந்தாள். "அறுபத்திரண்டத் திறம்மா" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

தமிழில் 'முன்னால்' என்று ஒரே சொல்லில் முடிவதற்கு ஆங்கிலக்காரன் 'இன் ஃப்ரண்ட் ஆஃப்' என்று மூன்று சொல் வைத்திருக்கிறான். மூன்றையும் ஒரே சொல்லாக நினைத்துக்கொள் என்றேன். 'டு கம்', 'கமிங்' என்பவை நம் 'வர', 'வந்து' போலத்தான்; யார், எப்போது என்று சொல்லாது, வாக்கியத்தில் வேறொரு முற்று வினை வந்து அதைச் சொல்லவேண்டும் என்றேன். எட்டுப் பக்கத்துக்கு நாலு நாள் ஆனது. கடைசி நாள், இரண்டையும் வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். வலது பக்கத்தில் மேரி அக்கா பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். இடது காதில் செண்பகத்தின் குரல் மெதுவாக வந்தது.

"இன் ஸ்பைட் ஆஃப் மிஸ்ஸிங் யூ, ஐ வான்ட் டு டீச் ஹியர்."

உங்களுக்காக ஏங்கினாலும், இங்கேதான் பாடம் நடத்த ஆசைப்படுகிறேன். பேருந்து ஒரு சிக்னலில் நின்றது. எங்காவது ஒரு பிழை கிடைக்காதா என்று தேடினேன்.

"சரியா இருக்குங்களா?" என்றாள்.

"சரியா இருக்கும்மா. ஒரு தப்பும் இல்ல."

அவள் தேறினாள். ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. உலு திராம் வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது சமையலறை ஜன்னலில் பச்சைத் திரை தொங்கியது. எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அழுகையும் வருகிறது. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் சிரிக்கலாம். என்னைப் போல இங்கே வந்து கிடப்பவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

இப்போது செண்பகம் ஐந்து மணிக்கு எழுந்திருக்கத் தேவையில்லை. மாலையில், அவள் பள்ளி விட்டு வந்த பிறகு பேசுகிறோம். பேருந்தில் ஏறியதும் மேரி அக்கா, "இன்னிக்கு எந்தப் பக்கம் தம்பி?" என்று தாளை விரிக்கிறார். அவருக்கு வலது காதைக் கொடுத்துப் பாடம் நடத்துகிறேன். இடது காதில் இயர்போன் மாட்டியபடியே இருக்கிறது. அதில் யாரும் பேசுவதில்லை. பாசிர் கூடாங் வரும்வரை நான் அதைக் கழற்றுவதுமில்லை.