பால்குடத்துக்கு முன் ஐந்து நாள்

ஆலங்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுவது அடைக்கலத்தின் வேலை. எட்டாவதோடு நின்றுபோனவர், தங்கை அருணாவை மட்டும் பி.எட். வரை படிக்க வைத்தார். அவள் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை என்பதால் அவளுக்கு எல்லாம் அண்ணன்தான்.

"எங்க அருணா பத்தாவதுல கணக்குல நூத்துக்கு நூறு" என்று டீக்கடையில் ஆரம்பிப்பார்.

"அது நடந்து இருபத்தெட்டு வருசமாச்சுண்ணே. புதுசா மார்க்கு ஒண்ணும் வரலையா?" என்பான் கடைக்கார நாகராசு.

அருணாவுக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம். கார்த்திகையில் கால் வீங்கியது. பெரியாஸ்பத்திரியில் பார்த்ததில், சிறுநீரில் புரதம் இறங்குகிறது என்றார்கள். அங்கே ஷீபா என்ற டாக்டர் சர்க்கரைக்காரர்களின் ரத்தத்தை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்துவந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அருணாவும் ரத்தம் கொடுத்தாள்.

"ரத்தத்துல வளர்ச்சிக் காரணின்னு சிலது இருக்குங்க. புண் ஆறுறதுக்கு, தசை வளர்றதுக்கு வேணும். சர்க்கரையில அதுல சிலது அளவு மீறி ஏறுது. ஏறுனா கிட்னியில இருக்குற வடிகட்டி தடிச்சுப் போகுதான்னு பாக்குறோம். டீச்சருக்கு ஏறித்தான் இருக்கு" என்றார் ஷீபா.

தடித்துப்போன வடிகட்டி என்ன செய்யும் என்று மோட்டார் போடுகிறவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்றைக்கே அடைக்கலம் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார்: தங்கை கிட்னி நல்லபடியாக இருந்தால் போதும், அவள் பால்குடம் எடுப்பாள். அருணாவுக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. அண்ணன் முகத்துக்காகச் சரி என்றாள்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை இரண்டாம் தடவை ரத்தம் கொடுத்தாள். மறுநாள் கோயிலில் பால்குடம் எடுப்பவர்களுக்குக் காப்புக் கட்டினார்கள்; அருணாவின் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு ஏறியது. செவ்வாய்க்கிழமை ஷீபாவிடமிருந்து போன் வந்தது. அடைக்கலம்தான் எடுத்தார்.

"கிட்னி கழிவ சரியா வடிகட்டலைங்க. கிரியேட்டினின் மூணு புள்ளி நாலு, பொட்டாசியமும் கூடுது. இன்னைக்கே வந்து சேருங்க. நாலு நாள் தங்கணும்."

"காப்புக் கட்டியாச்சுங்க டாக்டரம்மா. கட்டுனவுக வெளியூர்ல ராத் தங்கக் கூடாது. ஞாயித்துக்கெழம பால்குடம் எடுத்துட்டு, திங்கக்கெழம மொத பஸ்ஸுக்கு வாரோம்."

"ஆஸ்பத்திரிக்கு வந்தா அம்மன் கோவிச்சுக்குமா?"

"வேண்டுனதே அவ கிட்னிக்குத்தாங்க" என்று வைத்துவிட்டார்.

"போயிரலாமாண்ணே?" என்றாள் அருணா.

"அஞ்சு நாளுதான ஆத்தா."



விரதத்தில் அவளுக்கு இளநீரும் வாழைப்பழமும்தான் ஆகாரம். பொட்டாசியம் அதிகம், இரண்டும் கூடாது என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் அச்சடித்திருந்தது. அந்தச் சீட்டை வரி விடாமல் படித்துச் சுவரில் ஒட்டியிருந்தவர் அடைக்கலம். அது தினப்படிச் சாப்பாட்டுக்குத்தான், அம்மன் விரதத்துக்கு அல்ல என்று அவர் நினைத்துக்கொண்டார். வெயில் தாங்காதே என்று நாளுக்கு மூன்று இளநீர் அவரே வெட்டிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை அவளுக்கு வாந்தி. "விரதம்னா அப்படித்தான் இருக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஊருணிக்கரையில் குடத்தைத் தலையில் ஏற்றும்போது அவளுடைய கால் மடிந்தது. கையை விரிக்கச் சொன்னால் விரல் விரியவில்லை. பால் மண்ணில் ஓடியது. எல்லோரும் பார்க்க, அவள் மணிக்கட்டில் இருந்த காப்பை அடைக்கலம் பல்லால் கடித்து அறுத்து, அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். உயிர் தப்பியது. சிறுநீரகம் தப்பவில்லை.

ஒரு மாதம் கழித்து, வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் என்று ஆனபின், ஷீபா ஒரு படிவத்தோடு கட்டிலுக்கு வந்தார். ஆராய்ச்சியில் இனி அருணா இல்லை. கடைசி ரத்தத்துக்கும் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததற்கும் நடுவில் என்ன நடந்தது என்று மட்டும் அவள் வாயால் கேட்டு எழுத வேண்டும்.

"ஸ்கூல்ல பரிட்சை மேடம். லீவு கெடைக்கல" என்றாள் அருணா.

"பொய் சொல்றா டாக்டரம்மா. நீங்க போன் பண்ணது செவ்வாக்கெழம காலைல, ஒம்பதே முக்காலுக்கு. அருணா போயிரலாமான்னு கேட்டா. வேணாம்னது நான். அதுக்கப்புறம் பதினாலு எளநி வெட்டிக் குடுத்தேன். அதையும் எழுதிக்கங்க."

"சும்மா இருண்ணே" என்று அருணா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இயந்திரத்தில் அவள் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. முடிய இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது.

ஷீபா எழுதினார். எழுதி முடிக்கும்வரை அடைக்கலம் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.