கரிவலம் தாண்டினால் அணையும் ஏசி

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொல்கிற கதை இல்லை. டீச்சர் காதில் விழுந்தால் வம்பு. கார் ஏசி வேலையில் ஒரு சங்கடம் உண்டு. அறவே ஓடாத ஏசியைக்கூடச் சரி பண்ணிவிடலாம். ரோட்டில் நின்றுபோய், கடைக்கு வந்ததும் நன்றாக ஓடுகிறது பாருங்கள், அதுதான் ஆளைக் கொல்லும். சித்திரை வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு வெந்து வீடு சேர்ந்த மகாஜனங்களே, உங்களுக்குத் தெரியாததா?

கடைக்கு வந்தால் சுகம்

சங்கரன்கோவிலில் என் கடைக்கு ஜெயமணி டீச்சர் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். பக்கத்து சீட்டில் அவர்கள் வீட்டுக்காரர் ஞானராஜ் சார். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போனவர். வெக்கை ஏறினால் மயங்கிச் சரிந்துவிடுவார். வாராவாரம் ராஜபாளையத்தில் கைக்குப் பயிற்சி. அப்போதுதான் விரல் லேசாக அசைய ஆரம்பித்திருந்தது. பார்த்தால், போகிற வழியில் கரிவலம்வந்தநல்லூர் தாண்டியதும் ஏசி அணைந்துவிடுகிறது. போன வாரம் சார் மயங்கி, புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் தெளித்து, பாதி வழியிலேயே திரும்பியிருக்கிறார்கள். ஏசி சரியானால்தான் இனிப் பயிற்சி.

கடையில் குளுகுளுவென்று ஓடியது. டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற மூடியைக் கழற்றிப் போட்டு, மீட்டரை வைத்து வயர் வயராகப் பார்த்தேன். கரண்ட் ஒழுங்காக வருகிறது. கரண்டைத் திறந்துவிடுகிற ரிலேயை மட்டும் மாற்றி, மூடியை மாட்டி அனுப்பினேன். மறுவாரம் கரிவலத்தில் இருந்து டீச்சர் போன்: "அண்ணாச்சி, இந்த ஏசி உங்க கடையில மட்டுந்தான் சிரிச்சிக்கிட்டு நிக்குது. நீங்களே வச்சு வளத்துக்கிடுங்க."

முருகையா வைத்தியம்

என் கூட்டாளி முருகையா ஏசிக்குக் கேஸ் நிரப்புகிற ஆள். எந்த வண்டி வந்தாலும் கேஸ் குறைச்சல் என்பான். திரும்பி வந்த டீச்சர் வண்டியிலும் அளந்து பார்த்தான், கேஸ் சரியாக இருந்தது. அவன் முகம் செத்துவிட்டது. ஸ்கேனரைச் சொருகினேன், கோளாறு என்று ஒன்றுமே காட்டவில்லை. மூடியைக் கழற்றிய மேனிக்கு ஒரு பகல் முழுக்க ஓடவிட்டோம். நிற்கவே இல்லை.

மூடியைத் திரும்ப மாட்டும்போதுதான் மனசில் ஒன்று உறுத்தியது. கழற்றி வைத்தால் ஓடுகிறது, மாட்டிக் கொடுத்தால் நிற்கிறது. இந்தப் பிளாஸ்டிக் மூடிக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம்? பேசாமல் மாட்டாமலே அனுப்பிவிடுவோமா என்றேன். முருகையா என்னை ஏற இறங்கப் பார்த்தான். "சட்டையக் கழத்துனா காய்ச்சல் விடுதுன்னா, ஆள அம்மணமாவா வே ஊருக்கு அனுப்புவீரு?"

பின்சீட்டுப் பயணம்

மறுவாரம் மூடியை நன்றாக மாட்டிவிட்டு, நானே பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். டீச்சருக்கு அரை மனசுதான். ஐஸ் தண்ணீரும் துண்டும் எடுத்து வைத்துக்கொண்டு, "இன்னைக்கும் நின்னுச்சுன்னா இனி கூட்டிட்டே போக மாட்டேன், அண்ணாச்சி" என்று சொல்லித்தான் கிளம்பினார்கள்.

கரிவலம் தாண்டியது. காற்று வந்தது, குளிர் போய்விட்டது. சார் கழுத்தில் வியர்வை. அவருடைய இடது கை மெதுவாக நீண்டு, டேஷ்போர்டில் ஒட்டியிருந்த வாக்குத்தத்த அட்டையின் ஓரத்தை நகத்தால் நெம்பியது. புத்தாண்டு ஆராதனையில் சபையில் கொடுக்கிற வசன அட்டை அது. வருஷம் முழுக்கக் கண்ணில் படட்டும் என்று டீச்சர் ஒட்டியது. பட்டென்று அந்தக் கையில் ஓர் அடி போட்டார்கள். "ஆண்டவர் வார்த்தையப் பிய்க்காதீங்கன்னு எத்தன வாட்டி சொல்லுதேன்!"

முன்னால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். கம்ப்ரசர் பிடித்துக்கொண்டது, குளிர் திரும்பிவிட்டது! டீச்சர் அட்டையை அழுத்தி ஒட்டினார்கள். கொஞ்ச தூரத்தில் மறுபடி அணைந்தது. "டீச்சர், சார் இன்னொரு தடவ பிய்க்கட்டும். அடிக்காதீங்க" என்றேன். பிய்த்தார். ‘டிக்.’

எட்டிப் பார்த்தேன். அட்டைக்குப் பின்னால் சின்னதாக ஒரு சல்லடை. காருக்குள் எவ்வளவு சூடு என்று மோந்து பார்க்கிற சென்சாருக்கு அதுதான் மூக்கு. மூக்கை அடைத்ததும் அது டேஷ்போர்டுக்குள்ளே குளிர்க்குழாய் பக்கத்துக் காற்றை இழுத்து, ‘போதும், குளிர்ந்துவிட்டது’ என்று ஏசியை அணைத்திருக்கிறது. நான் அடிமூடியைக் கழற்றும்போதெல்லாம் கீழே இருந்து சூடான காற்று ஏறி அதன் கணக்கைச் சரி பண்ணியிருக்கிறது. ஜனவரிக் குளிரில் ஒட்டிய அட்டை. வெயில் வந்த பிறகுதான் வினை தெரிந்தது.

டீச்சர் வண்டியை ஓரம் கட்டினார்கள். "இத்தன நாளா இதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தீங்களா?" சார் வாய் கோணச் சிரித்தார். டீச்சர் அட்டையை அலுங்காமல் உரித்துக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்கள். "அடிச்சதுக்கு ஆண்டவர் மன்னிச்சிருவாரு, இந்த மனுசன் மன்னிக்கணுமே, அண்ணாச்சி."

மீட்டரும் ஸ்கேனரும் மடியில் கிடக்க நான் பின்சீட்டில் முழித்துக்கொண்டிருந்தேன். கோளாறைக் கண்டுபிடித்த பெரிய மெக்கானிக்கோ, குளிர்காற்றைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, ராஜபாளையம் வரைக்கும் குறட்டை விட்டார்.