இருபத்தொன்பதாம் திகதியில் நின்றுபோன சேர்வர்

2007 ஜனவரியின் கடைசி வெள்ளிக்கிழமை. மட்டக்களப்பு நகரில், வாவியைப் பார்த்தபடி இருந்த ஒரு நிவாரண நிறுவனத்தின் மாடி அறை. சுனாமிக்குப் பிறகு இப்படியான நிறுவனங்கள் வந்திராவிட்டால், கணினி படித்த எங்களுக்கு ஊரில் வேலையே இருந்திராது. சுனாமி வேலை முடியுமுன்னரே சண்டை வந்துவிட்டது. பனிச்சங்கேணிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்தவர்கள் சித்தாண்டியிலும் வாழைச்சேனையிலும் முகாம்களில் இருந்தார்கள். எந்த நாளில் எந்த முகாமுக்கு எந்தப் பவுசர் வண்டி தண்ணீர் கொண்டுபோக வேண்டும் என்று காட்டும் நிரலை ஜாவா என்ற கணினி மொழியில் எழுதுவதுதான் என் வேலை. என்னோடு இன்னொருவரும் இருந்தார். அங்கேதான் வயிற்றெரிச்சல்.

அவர் ஏறாவூர்க்காரர், என் வயது. மார்ச் மாதத்துக்குப் பிறகு எங்களில் ஒருவருக்குத்தான் வேலை நீடிக்கும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. வேலை இல்லாத மாப்பிள்ளையாக மணவறையில் இருக்க நான் தயாராக இல்லை.

சேர்வருக்கென்று தனி இயந்திரம் வாங்க வசதி இல்லாததால், நிரலுக்குள்ளேயே சிறிய சேர்வர் ஒன்றைப் பொதிந்து வைத்திருந்தோம். அவருடைய மடிக்கணினியில் அதை ஓடவிட்டால், மற்றக் கணினிகளில் பக்கங்கள் திறக்கும். பிழை வந்தால் நான் வரிக்கு வரி எதையாவது அச்சிடச் சொல்லி, சேர்வரை நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு, நாள் முழுக்கத் தேடுவேன். அவரோ பிழைதேடும் கருவியான டிபக்கரை மாட்டி, ஓடுகிற நிரலை வேண்டிய வரியில் அப்படியே நிறுத்தி, எந்த இடத்தில் எந்த எண் இருக்கிறது என்று சாவகாசமாகப் பார்ப்பார். பிழை தானாக வந்து அவர் மடியில் விழும். தேநீர் கொண்டுவருபவர்கூட முதல் கோப்பையை அவருக்குத்தான் வைக்கிறார் என்று நான் கவனித்து வைத்திருந்தேன்.

திகதி விஷயத்தில் மட்டும் என்னை யாரும் மிஞ்ச முடியாது என்று நினைத்திருந்தேன். வெள்ளம், புயல், கோயில் கொடியேற்றம் எல்லாம் எந்த ஆண்டு, எந்தக் கிழமை என்று சின்ன வயதிலிருந்தே குறித்து வைப்பவன் நான். நிரலில் திகதிப் பகுதியை நானே கேட்டு வாங்கி எழுதினேன்.

அன்று மதியம் அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். திடீரென்று எல்லாக் கணினிகளிலும் பக்கங்கள் உறைந்துவிட்டன. பவுசர் சாரதி மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

"தம்பி, பின்னேரம் எந்த முகாமுக்கு ஓடுற? பவுசர் வெயிலுக்க நிக்கிது."

"கொஞ்சம் பொறுங்க அண்ணன், பாக்கிறன்."

"அந்த நானா இல்லாட்டி உங்கட பெட்டி ஒண்டும் வேல செய்யாதோ?"

முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்பார்கள்; சாரதி கேட்டது ஏறாவூர்க்காரரைத்தான். சுருக்கென்றது. அவருடைய மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். நிரல் ஒரு வரியில் நின்றுகொண்டிருந்தது. நிறுத்தி வைத்தவர் விடுவிக்காமலே போய்விட்டார்! ஒரு விசையைத் தட்டினால் எல்லாம் ஓடும். நான் தட்டவில்லை. பொறுப்பதிகாரியை அழைத்துவந்து காட்டினேன்.

"பாருங்க மிஸ், இவர் சேர்வர நிப்பாட்டிப் போட்டுப் போயிட்டார்."

அதிகாரி குனிந்து பார்த்தார். "இந்தப் பக்கத்தில மேல உங்கட பேர்தானே கிடக்கு?"

அப்போதுதான் அது எந்த வரி என்று பார்த்தேன். நான் எழுதிய திகதிப் பகுதி. ஜாவாவில் மாதங்களைப் பூச்சியத்திலிருந்து எண்ண வேண்டும்: ஜனவரி பூச்சியம், பெப்ரவரி ஒன்று. நான் ஜனவரிக்கு ஒன்றைக் கொடுத்திருந்தேன். நிரல் திகதியைத் திரும்ப வாசிக்கும் இடத்திலும் அதே பிழையைச் செய்ததால் அதுவரை வெளியே தெரியவில்லை. ஆனால் அந்த ஆண்டுப் பெப்ரவரிக்கு இருபத்தொன்பதாம் நாள் இல்லை. திங்கட்கிழமை இருபத்தொன்பதாம் திகதிக்குப் பதிந்த பவுசர்கள் எல்லாம் அடுத்த மாதம் முதலாம் திகதிக்குத் தாவியிருந்தன. திங்கள் காலை முகாம்களில் குடங்கள் மட்டும் வரிசையில் நின்றிருக்கும். ஏறாவூர்க்காரர் யாருக்கும் சொல்லாமல் அதைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

விசையைத் தட்டினேன். பக்கங்கள் திறந்தன, சாரதி போனார். சிறிது நேரத்தில் தொழுகை முடிந்து அவர் வந்தார். அதிகாரி காரணம் கேட்டார்.

"என்ட பிழதான் மிஸ். ஜும்ஆவுக்கு நேரமாயிட்டெண்டு ஓடினதில எடுத்துவிட மறந்திட்டன்."

"வேற பிரச்சின ஒண்டும் இல்லியே?"

"இல்ல மிஸ்."

சொல்லிவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் குத்தலே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திறமையும் அவரிடம், நல்ல மனமும் அவரிடம் என்றால் எனக்கு என்ன மிச்சம்?

"பிரச்சின இரிக்கு மிஸ். பிழை நான் எழுதின இடத்தில. அதத்தான் இவர் தேடினவர்" என்று சொல்லிவிட்டேன். கேட்டவர்கள் அதை நேர்மை என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும், அதுவும் பொறாமைதான்.

அதிகாரி போனதும் அவர் தலையில் கைவைத்தார். "என்ன விசர் வேல மச்சான் பாத்த நீ? ரெண்டு பேருமா இருந்து திருத்திப் போட்டா ஆருக்குத் தெரியப்போகுது?"

மாலைக்குள் திருத்திவிட்டோம். மார்ச்சில் வேலை அவருக்கே நிலைத்தது. வாழ்த்தச் சென்ற எனக்குச் சிரிப்பு வர நேரமெடுத்தது.

யுத்தம் முடிந்தபின் வேறிடத்தில் வேலை கிடைத்தது. டிபக்கரும் எனக்குக் கைவந்தது. அவருடைய திறமை மீதிருந்த பொறாமை அப்படியே கரைந்துவிட்டது. ஆனால், போட்டிக்காரனின் பிழை கையில் இருக்கும்போதே "இல்ல மிஸ்" என்று அவ்வளவு இலேசாகச் சொல்ல முடிந்த அந்த மனத்தின் மீது எனக்கு இன்றைக்கும் பொறாமைதான். அது என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றும் நினைக்கிறேன்.