கஞ்சி போட்ட நெப்பி

முதலில் தெரிந்தது சிவப்பு. என் பேத்தி மித்ராவின் தொடை இடுக்கில், மடிப்புக்கு உள்ளே, வெந்நீர் பட்டது போன்ற சிவப்பு. ஏழு மாதக் குழந்தை. நெஞ்சுச் சளிக்கு அன்டிபயோட்டிக் (கிருமியைக் கொல்லும் மருந்து) குடித்து முடித்த கையோடு இது வந்தது. கொஞ்ச நாளில் சிவப்பின் ஓரம் தடித்தது. அதிலிருந்து தள்ளித் தள்ளிச் சின்னச் சின்னப் பருக்கள். மூத்திரம் பட்டால் வீறிட்டுக் கத்தினாள்.

"இது சூடும்மா. நீ செவ்விளநீர் குடி, பால் வழியா புள்ளைக்கும் சூடு இறங்கிரும்" என்று மருமகள் வாணியிடம் சொன்னேன். குடித்தாள். சிவப்பு இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் நான் ஒன்று சொன்னால் மறுபேச்சு இருப்பதில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயம் (தொழிலாளர் வரிசை வீடு) ஒன்றில் பிறந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. கண்டிக்கு வந்து ஒரு ஹோட்டலின் பின்பக்கம் துணி அலசினேன். பிறகு பழைய மெஷின் ஒன்றை வாங்கினேன். இன்று சொந்த லோண்டரி. பெரஹரா ஊர்வலத் திருவிழாக் காலத்தில் ஹோட்டல்கள் நிரம்பி வழியும்போது கட்டில் விரிப்பெல்லாம் என்னிடம்தான் வந்து குவியும். வெள்ளைத் துணி விஷயத்தில் இந்த ஊரில் எனக்கு மேலே ஆள் இல்லை. யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பார்க்கலாம்.

அதனால்தான் மித்ரா பிறந்ததும், கடையில் விற்கும் நெப்பி (குழந்தையின் இடுப்பில் கட்டும் டயப்பர்) வேண்டாம் என்றேன். நல்ல பருத்தித் துணியாகப் பார்த்து வாங்கித் தைக்கக் கொடுத்தேன். என் கையாலேயே அலசினேன். ஹோட்டல் மேசைத் துணிக்குப் போடுவதுபோல மெல்லிசாகக் கஞ்சி போட்டேன். அந்த விறைப்பு குழந்தையைக் குத்தக் கூடாது என்று கடைசி அலசலில் சொஃப்ட்னரும் (துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவம்) விட்டேன். அயன் பண்ணி மடித்து அடுக்கினால் பார்க்கவே கண் குளிரும். என் பேத்தி மாதிரி நெப்பி கட்டிய பிள்ளை கண்டியில் கிடையாது.

என் மகன் தினேஷ் ஒருநாள் வேலைக்கு லீவு போட்டு வாணியையும் குழந்தையையும் டொக்டரிடம் கூட்டிப்போனான். அன்று ஹோட்டல் லொறி வரும் நாள் என்பதால் நான் போகவில்லை. திரும்பி வந்ததும் கேட்டேன்.

"பங்கஸாம் அப்பா, பூஞ்சணம். க்ரீம் தந்திருக்காங்க."

"நெப்பியைப் பத்தி ஏதும் சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

வாணி குனிந்து குழந்தையின் சப்பாத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து சிவப்பு வாடத் தொடங்கியது. முதலில் வெளிப் பருக்கள் மறைந்தன, பிறகு ஓரத்துத் தடிப்பு. குழந்தை அழாமல் தூங்கினாள். நான் வழக்கம்போல வாளியில் விழும் நெப்பிகளை எடுத்துப்போய் இன்னும் கவனமாக அலசினேன், கஞ்சியைக் கொஞ்சம் கூட்டினேன். க்ரீம் பாதி, என் கை பாதி என்றே நம்பினேன். உண்மையைச் சொன்னால் என் கைதான் முக்கால் பங்கு என்று நினைத்தேன். லோண்டரிக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

எங்கள் தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் நாதன் ஒருநாள் வந்தார். தன் பேரனுக்கும் அதே இடத்தில் அதே சிவப்பு என்றார்.

"கொண்டாங்க, நானே வெளுத்துத் தர்றேன். என் கஞ்சித் துணி பட்டா சிவப்பு நிக்காது" என்றேன்.

கொண்டுவந்து கொடுத்தார். நான் காசு வாங்கவில்லை.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு சந்தேகம். வீட்டு வாளியிலிருந்து வரும் நெப்பிகளில் மூத்திர வாடை இல்லை. துணியை முகர்ந்தே எந்த ஹோட்டலுடையது என்று சொல்கிற மூக்கு இது. மூக்குதான் போய்விட்டதோ என்று பயந்தேன். ஹோட்டல் தலையணை உறையொன்றை எடுத்துப் பார்த்தேன். எண்ணெய், வியர்வை, யாரோ குடித்த சாராயம், எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்த நாள் ஒரு நெப்பியில் மஞ்சளாகக் கறை. சுரண்டிப் பார்த்தேன். நார் வந்தது. பூசணிக்காய்.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போனேன். "வாணி, இது என்னம்மா?"

"பாப்பா... கக்கா போயிட்டா மாமா."

"உன் புள்ள வயித்துக்குள்ள போன பூசணிக்காய், போன மாதிரியே அவிச்ச வாசத்தோட வெளிய வருதா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. தினேஷ் உள்ளேயிருந்து ஓடிவந்தான்.

"அப்பா, கத்தாதீங்க. நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன்."

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. டொக்டர் முதல் நாளே கஞ்சி நெப்பியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அவர்களுடைய அறைக்குள்ளே குழந்தைக்குக் கடை நெப்பி. நான் மடித்துக் கொடுத்த துணிகளை மருமகள் குழாயடியில் நனைத்துப் பிழிந்து வாளியில் போட்டிருக்கிறாள். கறை ஒன்றுமே இல்லாவிட்டால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று, குழந்தைக்கு அவித்த பூசணிக்காயில் ஒரு கரண்டி எடுத்துத் தடவியிருக்கிறாள். நான் அந்தச் சுத்தத் துணிகளைக் கும்பிடாத குறையாக மறுபடி மறுபடி வெளுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? டொக்டரையே லோண்டரிக்குக் கூட்டிட்டுப் போய் மெஷினைக் காட்டியிருப்பீங்க."

"மாமா, உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்" என்றாள் வாணி.

"மனசு நோகாம இருக்கத்தான் பூசணிக்காயா?"

குழந்தை மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்கு எல்லாம் பொறுக்கும். வேலை கொடுத்த முதலாளி ஏமாற்றியிருக்கிறான், கூட்டுக்கு வந்தவன் ஏமாற்றியிருக்கிறான். அதெல்லாம் வெளி ஆள். என் சோற்றை என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே என்னைச் சின்னப்பிள்ளையாக்கி விளையாடியது இவர்கள்தான். விளையாட்டுக்கு மண்ணைக் கொடுத்துச் சோறாக்கச் சொல்வார்களே, அப்படி.

அதைவிடப் பெரிய விஷயம் அப்போதுதான் உறைத்தது. நாதனின் பேரன். வாளியில் வந்த அந்தப் பொய்த் துணியை நம்பி நான் அவருடைய பிள்ளையின் துணிக்கும் கஞ்சி போட்டுக்கொடுத்திருக்கிறேன். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். நாதனின் மகள் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். மடிப்பெல்லாம் வெந்து, தோல் உரிந்து, பருக்கள் வயிறு வரைக்கும் போயிருந்தன.

"உங்க பேத்திக்கு ஆறிருச்சுன்னீங்களே அண்ணே" என்றார் நாதன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"என் வீட்டுலயே என்னை ஏமாத்திட்டாங்க நாதன். இந்தத் துணியைத் தொடாதீங்க, இப்பவே டொக்டர்கிட்ட போங்க" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த நெப்பிகளை நானே அள்ளிக்கொண்டு வந்தேன்.

என் மகனும் மருமகளும் என்மேல் காட்டிய இரக்கம் ஊரார் பிள்ளையின் தொடையில் போய் முடிந்தது. அந்தப் பிள்ளைக்குப் பிறகு குணமாகிவிட்டது. ஆனாலும் நான் அந்தக் கடைப்பக்கம் போகும்போது கொஞ்சம் வேகமாகத்தான் நடக்கிறேன்.

நாதன் வீட்டுக்கு ஓடிய மறுநாள் டொக்டரிடம் நானே போனேன். கையில் கஞ்சி போட்ட நெப்பி ஒன்று. அவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என் மகளாக இருக்கும் வயது. என் துணியில் என்ன குற்றம் என்று கேட்டேன். அவர் அதை மேசையில் விரித்து, தண்ணீர்ப் போத்தலை எடுத்து மேலே கொஞ்சம் ஊற்றினார். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. முத்து முத்தாக நின்று, உருண்டு, மேசையில் விழுந்தது.

"இஞ்ச பாருங்கோ ஐயா. கஞ்சியும் சொஃப்ட்னரும் துணியைத் தண்ணி குடிக்க விடாது. மூத்திரமும் இப்பிடித்தான் பிள்ளையின்ர தோலோட நிக்கும். விளங்குதோ?"

விளங்கியது. இத்தனை வருஷம் துணியின் அழகைப் பார்த்தேன். அது குடிக்கிறதா என்று பார்க்கவில்லை.

"மகனிட்ட அண்டைக்கே சொன்னனே. அவர் சொல்லேல்லையோ?"

"சொல்லல டொக்டர்."

அவர் என் விரலைப் பார்த்தார். "கையக் காட்டுங்கோ."

நகக்கண் எல்லாம் வீங்கி, நகம் பழுப்பேறி மேடுபள்ளமாக இருக்கும். வெகுகாலமாக அப்படித்தான். "இது உழைச்ச கை" என்றேன்.

"உழைச்ச கைதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா நகத்தடியிலயும் அந்தப் பங்கஸ் இருக்கிற மாதிரிக் கிடக்கு."

கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். "அப்ப என்னாலதான் புள்ளைக்கு வந்துச்சா?"

"அப்பிடிச் சொல்லேலாது ஐயா. கன பேரின்ர உடம்பில இது சும்மா கிடக்கிறதுதான். ஈரம் கிடைச்சா எழும்பும். அன்டிபயோட்டிக் குடிச்சா, அதை அடக்கி வைக்கிற நல்ல கிருமியும் செத்துப்போம்; அப்பவும் எழும்பும்."

அதன் பெயர் கேண்டிடா (ஒருவகைப் பூஞ்சணம்). இதே கஷ்டத்தில் இருக்கும் வீட்டாருக்காக அவர் சொன்னதை எழுதுகிறேன். சாதாரண நெப்பிப் புண் பெரும்பாலும் துணி உரசும் மேட்டில் வரும், மடிப்புக்குள் போகாது. மடிப்புக்குள் கடும் சிவப்பாக, ஓரம் தடித்து, சுற்றிலும் பருக்களோடு இருந்தால் பங்கஸாக இருக்கலாம். வழக்கமான க்ரீமுக்கு அது அடங்காது. டொக்டர் எழுதிக் கொடுக்கும் பூஞ்சண எதிர்ப்புக் க்ரீமை, கழுவித் துடைத்துக் காய்ந்த தோலில் மெல்லிசாகப் பூச வேண்டும். அதன்மேல் சிங்க் ஒக்சைட் (ஈரம் தோலில் படாமல் தடுக்கும் வெள்ளைப் பசை). சிவப்பு போய்விட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது; அவர் சொல்லும் வரை பூச வேண்டும். அடுத்த வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீரோயிட் (வீக்கத்தை அமுக்கும் மருந்து) க்ரீமை வாங்கிப் பூசினால் மேலே அமுங்கி உள்ளே பரவும். பவுடர் வேண்டாம். வாசனை போட்ட ஈரத்தாள் வேண்டாம். வெறும் தண்ணீர் போதும். நனைந்தவுடன் மாற்றுங்கள். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் குழந்தையை ஒன்றும் கட்டாமல் விடுங்கள். துணி நெப்பி என்றால் வெந்நீரில் துவைத்து, நன்றாக அலசி, முழுசாகக் காய வையுங்கள். எங்கள் ஊர் மழையில் அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து வைக்காதீர்கள். குழந்தையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை இருக்கிறதா, தாயின் முலைக்காம்பில் எரிச்சல் இருக்கிறதா என்றும் பாருங்கள்; இருந்தால் இருவருக்கும் மருந்து வேண்டும். காய்ச்சல், சீழ், கொப்புளம் கண்டால் காத்திருக்க வேண்டாம்.

இதோடு நான் ஒன்று சேர்க்கிறேன், இது டொக்டர் சொன்னதல்ல. வீட்டில் என்னைப் போல ஒரு பெரிய மனுஷன் இருந்தால், அவர் செய்வது தப்பென்று அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கத்துவார். கத்தட்டும். கத்தல் அடங்கிவிடும். பொய்யோ ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குப் போகும்.

மித்ராவின் தோல் இப்போது பழைய நிறம். எனக்கு நகத்துக்கு மருந்து நடக்கிறது. கையை நனைக்கக் கூடாதாம். தண்ணீரிலேயே பிழைத்தவனுக்கு இப்படி ஒரு வைத்தியம். லோண்டரியில் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் அலசுவதைப் பார்க்கிறேன். நகத்தின் அடியிலிருந்து ஒரு புதுத் துண்டு, குழந்தை நகம்போல மெல்லிசாக, வெளியே வருகிறது. மெஷின் சுற்றுகிற வேகத்தில் வாழ்ந்தவன் நான். இது வளர்வது கண்ணுக்கே தெரியவில்லை.

மகன் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டான். "சரி" என்றேன். சரியாகவில்லை.

நேற்றுக் குளிப்பாட்டிய பிறகு மித்ராவைப் பாயில் ஒன்றும் கட்டாமல் விட்டிருந்தார்கள். தூக்கப் போனேன். வாணி குறுக்கே கையை நீட்டினாள்.

"மாமா, கை ஈரமா இருக்கு. தொடைச்சிட்டுத் தூக்குங்க."

சுருக்கென்றது. இந்த வீட்டில் என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. துவாய் எடுத்துத் துடைத்தேன், விரல் இடுக்கு வரைக்கும். இரண்டு கையையும் திருப்பிக் காட்டினேன். அவள் குனிந்து, நிஜமாகவே பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் காயட்டும் மாமா."

பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.