காலி செய்த எருக்குழி

என் நாத்தனார் ஆனேக்கல்லுக்கு அப்பால் ஒன்றரை ஏக்கர் நிலத்தோடு தனியாக இருந்தார். கணவர் இறந்த பிறகு அந்த நிலத்தின் மேல் அவருடைய கொழுந்தனுக்குக் கண். அந்த வருடம், எருக்குழி போடும் விவசாயிகளுக்கு அரசாங்கம் மானியம் கொடுப்பதாக அறிவித்திருந்தார்கள். அது வந்தால் ஏருக்கும் ராகி விதைக்கும் ஆகும். வராவிட்டால் நிலத்தைக் கொழுந்தனிடம் விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டாக வேண்டும். அவர் கைக்குப் போனால் திரும்பாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

குடும்பத்தில் கன்னடம் படிக்கத் தெரிந்தவள் நான்தான். தாலுகா ஆபீஸ் நோட்டீசைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஏழு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பட்டணத்தில் நாங்கள் இருந்த ஆஸ்டின் டவுனிலிருந்து கிளம்பினேன். பஸ்ஸில் குழந்தை இருமிக்கொண்டே வந்தது. இந்தப் புழுதியில் கொண்டுவந்திருக்கக் கூடாதோ என்று வழியெல்லாம் கவலை.

நோட்டீசில் குழியின் நீளம், அகலம், ஆழம் எல்லாம் இருந்தன. மறுநாள் ஆபீசர் வந்து அளப்பார் என்று இருந்தது. அதற்குக் கீழே, குப்பையும் சாணமும் அடுக்கடுக்காகப் போட்டு மண்ணால் மூடும் முறை. பணம் வாங்கிய பிறகு செய்ய வேண்டியது அது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நாத்தனாரோ தானே வெட்டி, நிரப்பி, மூடியும் வைத்திருந்தார். எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும் என்றேன்.

"இன்னாத்துக்கு எடுக்கணும்? கிராம சேவகரு போடத்தானே சொன்னாரு?"

"ரொம்பியிருந்தா ஆழத்த எப்படிக்கா அளப்பாங்க?"

"எனக்கு இன்னா தெரியும். நீ படிச்சவ. நீ சொன்னா சரிதான்."

பொழுது சாயும்வரை இருவரும் அள்ளி வயலில் கொட்டினோம். ஆபீசர் வருகிற இடமாயிற்றே என்று குழியின் ஓரத்தை மெழுகிக் கோலமும் போட்டேன். பார்க்க எனக்கே திருப்தியாக இருந்தது.

மறுநாள் வந்த ஆபீசர் டேப்பைப் பிரிக்கவேயில்லை.

"ஏனம்மா, கோலமெல்லாம் பலமா இருக்கு. உள்ள யாருக்குக் கல்யாணம்?"

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். கொழுந்தன்தான் அதிகம் சிரித்தார்.

"எரு எங்கே?"

ஆழம் அளப்பதற்காக எடுத்துவிட்டோம் என்றேன்.

"ஒரு கடப்பாரையக் குத்திப் பாத்தா ஆழம் தெரிஞ்சிடும், தாயி. மானியம் எருவுக்கு. பள்ளத்துக்கு இல்ல."

இரண்டு நாளில் நிரப்பிவிடுகிறோம் என்று கெஞ்சினேன். வயலில் கொட்டியது கணக்கில் வராது, குழிக்குள்ளேயே மக்கிய எருவைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட முடியும், இந்த வருடம் இதுதான் கடைசித் தடவை என்றார். கெட்டவர் இல்லை. கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, அடுத்த வருடம் மறுபடி எழுதிப் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

"பட்டணத்துப் படிப்புன்னா சும்மாவா, அண்ணி!" என்றார் கொழுந்தன், நாத்தனாரைப் பார்த்து.

நாத்தனார் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கொழந்த அழுவுது, பால குடு" என்று மட்டும் சொன்னார்.

என் கையில் இரண்டு தங்க வளையல்கள் இருந்தன. விற்றால் ஏருக்கும் விதைக்கும் ஆகும். அங்கேயே கழற்றிக் கொடுத்திருக்கலாம். கணவரைக் கேட்காமல் எப்படி என்று தயங்கி பஸ் ஏறினேன். நடந்ததைச் சொல்லவே நான்கு நாள் ஆயிற்று.

"குடுத்துட்டே வந்திருக்கலாமே" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை வளையல்களை எடுத்துக்கொண்டு அவரே போனார். முதல் மழை பெய்திருந்தது. நிலத்தில் கொழுந்தனின் ஏர் ஓடிக்கொண்டிருந்ததாம்.