இறாலுக்குப் பக்கத்தில் தென்துருவம்

கடகட, ஒரு மூச்சு, மறுபடி கடகட. குளிர்கிடங்கு வேலை முதலில் காதால் பார்க்கிற வேலை. திருவொற்றியூரில் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் சந்துக்குள் திரும்பும்போதே, கட்டடம் கண்ணில் படுவதற்கு முன்பே, கம்ப்ரஸர் சத்தத்தை வைத்து அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவேன். படித்து வந்த தொழில் இல்லை, கேட்டுக் கேட்டு வந்தது. ஊர் தூங்கும்போது விழித்து, ஊர் விழிக்கும்போது ஜன்னலில் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு தூக்கம் வராமல் புரளும் என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

வந்த சரக்கு

காசிமேட்டு மீனையும் இறாலையும் தவிர வேறெதையும் பார்க்காத எங்கள் கிடங்குக்கு ஒரு நாள் குளிர்லாரியில் நீள நீளமான வெள்ளைப் பெட்டிகள் வந்தன. உள்ளே, தென்துருவத்தில் துளை போட்டு உருவிய பனி. கொண்டுவந்த ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வுக்கூடத்தில் குளிர் அறை பழுதாம். அது சரியாகும்வரை இங்கே இருக்கட்டும் என்று முதலாளி ஒப்புக்கொண்டிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எங்களுக்கு அண்ணாச்சி.

கூட வந்தவர் அனிதா மேடம், அந்தக் குழுவில் ஒருவர். மைனஸ் இருபதுக்கு மேலே வெப்பமானி முள் ஏறவே கூடாது என்றார். ஒரு வருடத்துப் பனி மேல் அடுத்த வருடத்துப் பனி விழுந்து அமுங்கும்போது, அந்தந்தக் காலத்துக் காற்றும் குமிழ் குமிழாக உள்ளே மாட்டிக்கொள்கிறது. பூமி அன்றைக்கு எவ்வளவு சூடாக இருந்தது, காற்றில் என்ன கலந்திருந்தது என்று அதிலிருந்து படிப்பார்களாம். உருகினால் எல்லாம் போச்சு, திரும்பப் போய் எடுக்க வழியில்லை.

பெட்டி இறக்கிய கஜா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். எங்கள் மூத்த லோடுமேன் அவன். கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: “இன்னா மேடம், பக்கத்து சந்துலயே ஐஸ் ஃபேக்டரி கீது. இதுக்கா இம்மாந்தூரம் போயினு வந்தீங்க?”

இடத் தகராறு

பனிக்கு ஒரு தனி அறை வேண்டும் என்றதும், கன்னிம்மா அக்காவின் வஞ்சிரத்தைப் பக்கத்து இறால் அறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. காசிமேட்டில் ஏலம் எடுத்து மொத்தமாக விற்கிறவர். விஷயம் தெரிந்ததும் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்து நின்றார். “எவன்டா என் மீன்ல கை வச்சவன்? ஐஸை வைக்கிறதுக்கு மீனை நவுத்துவாங்களா? மீனை வைக்கத்தாண்டா ஐஸு.”

மேடமே முன்னால் வந்து பதில் சொன்னார். அங்கே பனி உருக உருக இங்கே கடல் ஏறுகிறது, எவ்வளவு ஏறும், எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்று கணக்குப் போடத்தான் இந்தப் பெட்டிகள் என்றார். அக்காவின் வீடு எண்ணூர்ப் பக்கம் குப்பத்தில். முன்னே மூன்றாவது வரிசையில் இருந்த வீடு, இப்போது கடலைப் பார்த்த முதல் வரிசை. நான் பிறந்த தெருவுக்கும் இதே கதைதான். அது இருந்த இடத்தில் இன்றைக்குக் கறுப்புக் கல் கொட்டியிருக்கிறார்கள், அதன் மேல் அலை அடிக்கிறது. அக்கா ஒரு பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு மீன் தட்டின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கினார். “அது உருகிக்கினா என் வூட்டு வாசல்லதான வந்து நிக்கும். இங்கியே கெடக்கட்டும். கதவ நல்லா சாத்து.”

கஜாவின் அன்பு

இறாலைக் குளிர் அறையில் சும்மா வைத்தால் காய்ந்து வெளுத்துவிடும். அதனால் சில்லென்ற தண்ணீரைத் தெளித்து, மேலே கண்ணாடி போல ஒரு பூச்சு ஏற்றுவோம். கிளேஸிங் என்று பெயர். நல்ல சரக்கென்றால் இரண்டு பூச்சு. அதுதான் நாங்கள் சரக்குக்குக் கொடுக்கிற மரியாதை.

ஒரு ஷிப்டில் பனி அறைக்குள்ளிருந்து ‘சடக்’ என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கஜா ஒரு பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, கையில் தெளிப்பான் பம்புடன் நிற்கிறான். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த சரக்கு காய்ந்துவிடக்கூடாதே என்று பார்த்திருக்கிறான். தண்ணீர் பட்ட இடத்தில் பனி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வெடித்து, நம்ம ஊர்த் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டிருந்தது.

காலையில் மேடம் வந்தார். திட்டவில்லை. கவிழ்த்த மீன் தட்டின் மேல் உட்கார்ந்து, வெடித்த துண்டைப் பற்றிச் சொன்னார். அதை எடுக்கப் போன இடத்தில் புயலில் மாட்டிக் கூடாரத்துக்குள்ளேயே கிடந்தார்களாம். பிறகு அந்தப் பெட்டியில் சிவப்பு டேப் ஒட்டித் தனியாக வைத்தார். தலையைக் குனிந்து நின்றவனிடம் சொன்னார்: “கஜாண்ணே, மிச்சப் பெட்டிங்க மேல அன்பு காட்டாதீங்க.”

சாத்திய கதவு

புயல் மழையில் கரண்ட் போய் ஊரே இருண்டது. எங்கள் பழைய ஜெனரேட்டர் ஒரு கம்ப்ரஸரைத்தான் இழுக்கும், ஒரு கம்ப்ரஸர் ஒரு அறைக்குத்தான். இறாலா, பனியா? அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் கொஞ்சம் யோசித்தார். “ரெண்டையும் ஒண்ணா அடைச்சிருங்க. நெறஞ்ச ரூமு லேசுல சூடாவாதுல்லா.” சொன்னதோடு நிற்காமல் அவரும் தட்டுச் சுமந்தார். அக்காவின் வஞ்சிரம் தன் பழைய இடத்துக்கே திரும்பியது, தென்துருவத்துக்குப் பக்கத்தில்.

அடைத்த பிறகுதான் அடுத்த பேஜாரு. குளிர்க்குழாய்களில் உறைபனி படிந்து குளிரை அமுக்கிவிட்டது. வழக்கமாகச் சூடு காட்டி உருக்குவோம். இப்போது காட்டினால் அறையே சூடாகும். வெளியே முள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. சாலையில் வெள்ளம், மேடத்தால் வர முடியவில்லை. போனில் ஒரே கேள்வி: “எவ்வளவு காட்டுது?” மைனஸ் இருபதை நெருங்கிவிட்டது என்று உள்ளதைச் சொன்னேன்.

இருக்கிற குளிராடையை எல்லாம் மாட்டிக்கொண்டு, சுரண்டியோடு உள்ளே போய், பின்னாலேயே கதவைச் சாத்தச் சொன்னேன். குழாய் குழாயாகச் சுரண்டினேன். விரல் மரத்ததும் நான் வெளியே, கஜா உள்ளே. அவனுக்கு மரத்ததும் மறுபடி நான். கதவு திறப்பது ஆள் மாறும் அந்த நொடி மட்டும்தான். விடியும்போது முள் நின்றது, பிறகு இறங்கியது. நான் கடைசியாக உள்ளே போன தடவை, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கஜா குரல் கொடுத்தான்: “செத்தா சொல்லு மாமு, தொறக்கறேன். அதுவரிக்கும் தொறக்க மாட்டேன்.”

டம்ளர்

பெட்டிகளை ஏற்றிப்போக லாரி வந்த அன்று, மேடம் சிவப்பு டேப் பெட்டியைத் திறந்தார். அந்தத் துண்டு இனி ஆய்வுக்கு உதவாது. அதிலிருந்து ஒரு சில்லை உடைத்து, டீ டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் போட்டார். கிட்டே வந்து கேளுங்கள் என்றார்.

நானும் கஜாவும் குனிந்து காதை வைத்தோம். சிறுசிறு வெடிப்பாக, எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி, ஆனால் அதைவிட மெலிசாக. அமுங்கிக் கிடந்த குமிழ்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்கின்றன என்றார் மேடம். எண்ணூரில் ஒரு புகைபோக்கிகூட முளைக்காத காலத்துக் காற்று. எத்தனையோ வருடம் மிஷின் சத்தம் கேட்டுத் தேய்ந்த காது என்னுடையது. இப்படி ஒன்றை அது கேட்டதில்லை. சில்லு கரைந்து தீரும்வரை நாங்கள் யாரும் நகரவில்லை.

கஜா டம்ளருக்குள் மூக்கை விட்டு நன்றாக இழுத்துப் பார்த்தான். “நம்ம ஏரியாவுல நல்ல காத்துன்னு ஒண்ணு இப்பத்தாம்பா வந்துகீது.”

லாரி நெடுஞ்சாலையில் ஏறும் சத்தம் தேயும்வரை வாசலில் நின்றேன். கடல் என் தெருவை எப்போது திருப்பித் தரும் என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்கப்போவதில்லை என்பதாலும், இறால் அறைக் குழாயில் மறுபடி உறைபனி படிந்துவிட்டதாலும், சுரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.